தீயும் மண்ணும் கல்லும்

ஒரு வீட்டில் மரணம் நேர்ந்த சில நாழிகைக்குள், அழுகை ஓயாத அந்நிலையிலேயே, உறவின் மூத்தோர் கூடித் தீர்மானிக்க வேண்டிய முதற் காரியம், உடலை நெருப்புக்குக் கொடுப்பதா, மண்ணுக்குக் கொடுப்பதா என்பதே. பெரும்பாலான குடும்பங்களில் இது ஒரு கேள்வியாகவே எழுவதில்லை. ‘நம் வழக்கம் இன்னது’ என்ற சொல்லோடு முடிந்துவிடுகிறது. ஆயினும் நாம் வழக்கம் என்று கருதுவது எத்துணைக் காலத்து வழக்கம், யார் யாருக்கு உரியது, எக்காரணத்தால் நிலைபெற்றது என்று விசாரிக்கப் புகுவோமானால், எரித்தலே நம் ஆதி சம்பிரதாயம் என்று சாதிப்போரும், புதைத்தலே பழந்தமிழர் நெறி, எரித்தல் பின்னர் வந்து புகுந்தது என்று சாதிப்போரும் சரித்திரத்தின் ஒரு பக்கத்தை மட்டுமே படித்தவர்கள் என்பது தெளிவாகும். இந்நாட்டில் அவ்விரண்டும் ஈராயிரம் ஆண்டுகளுக்குக் குறையாமல் அருகருகே வழங்கி வந்திருக்கின்றன. காலத்துக்குக் காலம், குடிக்குக் குடி, மரணத்தின் தன்மைக்கு ஏற்ப முறைகள் மாறியிருக்கின்றன. மாறாமல் நின்றது, இறந்தாருக்கென ஓர் இடமும், அவ்விடத்தில் ஓர் அடையாளமும், அவ்வடையாளத்தின் முன் வந்து நிற்க உயிரோடிருப்பாருக்கு உரிமையும் வேண்டும் என்ற மனித வேட்கையேயாகும். அவ்வேட்கையின் வரலாற்றைச் சான்றுகளோடு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாழியும் ஈமத்தீயும்

தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணியாற்றின் தென்கரையில், ஆதிச்சநல்லூர் என்ற சிற்றூரை அடுத்து ஏறத்தாழ 114 ஏக்கர் பரப்புள்ள மேட்டு நிலம் ஒன்று பரந்து கிடக்கிறது. உழவுக்கு உதவாத அப்பரம்பை முன்னோர் இறந்தாருக்கென்றே ஒதுக்கியிருந்தனர். 1876-ஆம் ஆண்டு யாகோர் என்னும் ஜெர்மானியர் அங்கே அகழ்ந்தெடுத்த பொருள்கள் பெர்லின் நகரம் போய்ச் சேர்ந்தன. 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ என்னும் தொல்லியல் அதிகாரி விரிவாக அகழாய்வு நடத்தினார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக் காலம் கிளறப்படாதிருந்த அந்நிலத்தை 2004-இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் ஆராய்ந்தது. மண்ணை அகற்ற அகற்ற, ஒன்றன்மேல் ஒன்றாக, தலைமுறை தலைமுறையாகப் புதைத்த முதுமக்கள் தாழிகள் வெளிப்பட்டன.

அத்தாழிகளுள் ஒன்றை அருகிருந்து காண்போமானால், அக்காலத்து மக்களின் மனம் ஓரளவு விளங்கும். ஆள் அமரத்தக்க அகன்ற வயிறும் கூம்பிய அடியும் உடைய சிவந்த மண்கலம் அது. அதன் வாயை மற்றொரு கலம் கவிந்து மூடியிருக்கும். சிலவற்றுள் முழு உடலையும் கைகால் மடக்கி இருத்தியிருக்கிறார்கள்; சிலவற்றுள் மண்டையோடும் நீண்ட எலும்புகளும் மட்டுமே உள்ளன. பின்னதன் பொருள், உடல் வேறோரிடத்தில் கரைந்தபின் எஞ்சிய எலும்புகளைத் திரட்டிக் கொணர்ந்து இரண்டாம் முறை அடக்கம் செய்தார்கள் என்பதாம். உள்ளும் புறமும் இரும்பு வாளும் வேலும், வெண்கலக் கலங்களும், சிறு மட்பாண்டங்களும் வைத்திருக்கிறார்கள்; நெற்றியில் கட்டும் மெல்லிய பொற்பட்டங்களையும் ரீ கண்டெடுத்தார். அதே ஆற்றுப் பகுதியிலுள்ள சிவகளையில் ஒரு தாழிக்குள்ளிருந்த நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 என்று கரிமப் பகுப்பாய்வு காட்டியதாகத் தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன், இறந்தவர் பசித்திருக்கக் கூடாது என்று எண்ணி ஒரு கை நெல்லை உடன்வைத்த அந்த அன்புக்குச் சாத்திரத்தின் துணை எதுவும் தேவைப்படவில்லை.

சங்க நூல்கள் இத்தாழியை நன்கறியும். புறநானூற்றின் 228-ஆம் பாட்டில், சோழன் கிள்ளிவளவன் மறைந்தபோது ஐயூர் முடவனார் குயவனை விளித்து, இப்பெருவேந்தனை அடக்கும் தாழியை நீ எங்ஙனம் வனையப் போகிறாய் என்று இரங்குகிறார். 256-ஆம் பாட்டு அதனினும் உருக்கமானது. கணவனோடு சுரம் கடந்து வந்த ஒருத்தி, இடைவழியில் அவனை இழந்த நிலையில், அவனுக்கு வனையும் தாழியைத் தனக்கும் இடம் இருக்குமாறு அகலமாகச் செய்யும்படி குயவனை வேண்டுகிறாள். குடும்பக் கல்லறை என்று இன்று நாம் வழங்கும் கருத்துக்குத் தமிழில் இதனினும் பழமையான சான்று காண்பது அரிது. வாழ்வில் ஒன்றாயிருந்தவர் மண்ணிலும் ஒன்றாயிருக்க வேண்டும் என்ற விருப்பம் அங்கே ஒரு பெண்ணின் வாய்மொழியாகவே பதிவாகியிருக்கிறது.

ஆயினும் அதே புறநானூறு ஈமத்தீயையும் அறியும். பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு கணவனுடைய ஈமத்தில் தானும் புகத் துணிந்து பாடியது 246-ஆம் பாட்டு. அதியமான் நெடுமான் அஞ்சியின் உடல் எரியூட்டப் பெற்றதைக் கண்டு ஔவையார் பாடியது 231-ஆம் பாட்டு. ஆகவே, சங்க காலத்திலேயே அரசர்க்குத் தாழியும் உண்டு, தீயும் உண்டு. இவ்வேற்றுமையைத் தொகுத்துக் கூறுவதுபோல, மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை, இறந்தாரைச் சுடுவோரும், வெறுமனே இட்டுச் செல்வோரும், குழி தோண்டிப் புதைப்போரும், தாழ்ந்த இடத்தில் வைத்து அடைப்போரும், தாழியில் கவிப்போரும் ஆகிய ஐவகையினரைக் குறிப்பிடுகிறது. ஒரே நகரத்தின் ஒரே ஈமப்புறங்காட்டில் இவ்வைந்தும் நிகழ்ந்தன என்பதும், ஒருவர் முறையை மற்றொருவர் பழித்ததாக அங்கே குறிப்பில்லை என்பதும் நாம் ஊன்றி நோக்கத்தக்கவை.

எரித்த பின்னும் நின்ற கல்

மேலே கூறிய அதியமானின் செய்தியில் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாத ஒரு குறிப்பு உண்டு. ஈமத்தீயைப் பாடிய பாட்டுக்கு அடுத்ததான 232-ஆம் பாட்டில், அவ்வள்ளலுக்கு நட்ட கல்லையும், அதற்குச் சூட்டிய மயிற்பீலியையும், அதன்முன் சிறு கலத்தில் வார்த்துப் படைத்த கள்ளையும் கண்டு ஔவையார் கலங்குகிறார். உடலைத் தீ உண்டது; ஆனால் மக்கள் அத்துடன் நிறைவு கொள்ளவில்லை. சாம்பலாகிப்போன ஒருவனுக்கும் நிற்கும் அடையாளம் ஒன்று வேண்டியிருந்தது. தீயும் கல்லும் ஒன்றையொன்று விலக்கும் நெறிகள் அல்ல என்பதற்கு இதனினும் தெளிவான பிரமாணம் வேண்டுவதில்லை.

அந்தக் கல்லை நடுவதும் ஏனோதானோ என்று செய்த காரியம் அன்று. தொல்காப்பியம் அதனைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு துறைகளாக வகுக்கிறது. தக்க கல்லைத் தேடிக் காண்பதும், நாள் பார்த்து அதனைக் கொள்வதும், நீராட்டித் தூய்மை செய்வதும், நடுவதும், படையலிடுவதும், வாழ்த்திப் பாடுவதும் ஆகிய இவை யாவும் ஓர் ஊர் முழுதும் கூடிச் செய்த கிரியைகள். 2006-இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகற்களில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில் மடிந்த ஒருவனின் பெயரையும் ஊரையும் கூறி நிற்கிறது. பல்லவ, சோழப் பேரரசர்களின் கல்வெட்டுகள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, ஆகோள் என்னும் மாடு கவரும் சண்டையில் மாண்ட ஒரு சாதாரண மனிதனின் பெயர் கல்லில் ஏறிவிட்டது.

திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரத்து நடுகற்கள் பல பல்லவர் காலத்தன. அவற்றுள் எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் எழுந்தது. கருந்தேவகத்தி என்னும் வீரன் வில்லும் குறுவாளும் ஏந்தி நிற்க, அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. வீரன் பட்ட பின்னும் அவ்விடம் விட்டகலாமல் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்று கல் கூறுகிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு நாயின் விசுவாசத்துக்கும் பெயர் சொல்லிச் சான்றளித்த சமூகம் அது என்பதை நாம் மறத்தலாகாது. ஏனெனில் இன்று நம் ஊர்களின் மயானங்களில் மனிதருக்கே பெயரில்லாத மண்மேடுகள்தாம் மிகுதி.

பள்ளிப்படையும் சமாதியும்

நடுகல் வழக்கம் வேந்தர் குலத்தில், இறந்தவர் நினைவாக எழுப்பும் பள்ளிப்படைக் கோயிலாக உயர்ந்தது. முதலாம் ஆதித்த சோழன் தொண்டைமானாற்றூரில் இறக்க, அவன் மகன் முதற் பராந்தகன் காளத்திக்கு அண்மையிலுள்ள அவ்வூரில் ஆதித்தேசுவரத்தை எழுப்பினான். ஆற்றூரில் மறைந்த அரிஞ்சயனுக்கு முதலாம் இராசராசன் மேற்பாடியில் கோயில் எடுத்தான். முதலாம் இராசேந்திரன் தன் சிற்றன்னையருள் ஒருவராகிய பஞ்சவன்மாதேவிக்குப் பட்டீச்சுரத்துக்கு அருகே எடுத்த பள்ளிப்படை இன்றும் நிற்கிறது. கங்கை வரை படை செலுத்திய சக்கரவர்த்தி, தன் சிற்றன்னையின் பெயரால் எடுத்த அச்சிறு கற்றளி, சோழர் கலைச் செல்வங்களுள் அளவில் சிறியதாயினும் அன்பில் பெரியது.

துறவியரைப் பொறுத்தவரை, எரித்தலைப் பெரிதும் கைக்கொண்ட சைவ மரபே புதைத்தலை வற்புறுத்தியது. திருமூலர் தம் திருமந்திரத்தில் சமாதிக் கிரியை என ஒரு பகுதியே வகுத்து, ஞானியின் உடலைத் தீயிலிட்டால் நாட்டுக்குத் தீங்கு நேரும் என்று எச்சரித்து, குழியின் அளவையும் அதனை நிரப்பும் முறையையும் விதிக்கிறார். சமாதிக்கு உரிய இடங்களாக அவர் கூறுபவற்றுள் சொந்த மனையும், பாதையோரமும், குளக்கரையும், ஆற்றங்கரையும், மலர்ச்சோலையும், மலைச்சாரலும் அடங்கும். ஆதீனங்களின் குருமூர்த்தங்களும் சித்தர்களின் ஜீவசமாதிகளும் இந்நெறியில் எழுந்தவையே. 1950-இல் மறைந்த ரமண மகரிஷியின் சமாதியும் அவ்வண்ணமே திருவண்ணாமலையில் அமைந்தது. வள்ளலார் இன்னும் ஒரு படி மேலே சென்றார். துறவியர்க்கு மட்டுமன்றி, எல்லோர்க்கும் புதைத்தலே உரியது, சுடுதல் ஆகாது என்று 1871-இல் தம் அன்பர்களுக்கு அறிக்கையிட்டு வற்புறுத்தினார். சைவ சமயச் சூழலில் தோன்றிய ஒரு மகானே இவ்வாறு கூறியிருக்க, எரித்தல் ஒன்றே இந்துக்களுக்கு உரிய முறை என்று கூறுவோர் தம் மரபையே முழுதும் அறியாதவராவர்.

மீசான் கல்லும் சிலுவைக் கல்லும்

இஸ்லாம் எரித்தலை முற்றிலும் விலக்குகிறது. உடலைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் பொதிந்து, தொழுகை நடத்தி, தொழுகைத் திசையாகிய கிப்லாவை நோக்கியிருக்குமாறு கபர் என்னும் குழியில் வைப்பது உலகெங்குமுள்ள முஸ்லிம்களின் கடமை. ஆடம்பரமான கல்லறையைச் சமயம் ஊக்குவிப்பதில்லை. எனினும் தலைமாட்டில் நடும் மீசான் கல் தமிழ் முஸ்லிம்களின் அடக்கத்தலங்களாகிய மையவாடிகளில் நெடுங்கால வழக்கு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் பழைய கபர்க்கற்களில் அரபு எழுத்தும் சில இடங்களில் தமிழும் காணப்படுகின்றன. எண்ணெய் வார்த்துப் பூச்சூட்டும் நடுகல்லுக்கும், எவ்வழிபாடும் கூடாத மீசான் கல்லுக்கும் கொள்கையளவில் வேறுபாடு மிகப் பெரிது. ஆனால் இங்கே ஒருவர் உறங்குகிறார், மிதியாதே என்று வழிப்போக்கரிடம் கூறுவதில் இரண்டும் ஒன்றே.

கிறிஸ்தவரின் கல்லறைத் தோட்டங்களிலோ எழுத்து மேலோங்குகிறது. பெயர், பிறந்த நாள், மறைந்த நாள், வேத வசனம், இன்னாரின் மனைவி, இன்னாரின் தகப்பன் என்ற உறவு முறை ஆகியவை சேர்ந்து ஒரு குடும்ப ஆவணமாகவே அக்கல் அமைந்துவிடுகிறது. தஞ்சையில் 1798-இல் மறைந்த சுவார்ட்சு பாதிரியாரின் கல்லறைக் கல்லைச் சிறப்பாக இங்கே குறிப்பிட வேண்டும். அவரிடம் வளர்ந்த இரண்டாம் சரபோஜி மன்னர், தம் ஆசிரியரின் கல்லில் பொறிக்கத் தாமே ஆங்கிலத்தில் செய்யுள் இயற்றினார். பின்னர் ஜான் பிளாக்ஸ்மன் என்னும் சிற்பியைக் கொண்டு, மரணப் படுக்கையிலிருக்கும் குருவின் கையைத் தாம் பற்றி நிற்கும் காட்சியைச் சலவைக்கல்லில் செதுக்குவித்துத் தஞ்சையின் சிவகங்கைக் கோட்டையிலுள்ள தேவாலயத்தில் வைத்தார். எரியூட்டும் குலத்தில் பிறந்த இந்து மன்னர் ஒருவர், புதைக்கப்பட்ட கிறிஸ்தவ குருவுக்குக் கல்லில் கவி எழுதியது, சமயக் கிரியைகளின் எல்லையை நன்றி எங்ஙனம் கடந்து செல்லும் என்பதற்கு உதாரணமாகும்.

இதன் மறுபுறத்தை ஆக்ஸ்போர்டில் காண்கிறோம். 1908-இல் மறைந்த ஜி. யு. போப், தம் கல்லறையில் தம்மை ஒரு தமிழ் மாணவன் என்று எழுதச் சொன்னார் என்ற செய்தி நம் மேடைகளில் பல தலைமுறையாக வழங்கி வருகிறது. புனித செபல்கர் கல்லறைத் தோட்டத்திலுள்ள அக்கல்லில் அத்தொடர் இல்லை. அங்கே உள்ளது, கீழ்த்திசை இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் அவர் ஆற்றிய வாழ்நாள் உழைப்பைப் போற்றி, அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அக்கல்லை நாட்டினர் என்னும் செய்தி. கற்பனைச் செய்தியைவிட உண்மைச் செய்தியே மேலானது என்று எனக்குத் தோன்றுகிறது. கடல் கடந்த ஒரு நாட்டில், குடும்பத்தோடு சேர்ந்து கல் நடும் உரிமையைத் தமிழர் பெற்றிருந்தனர் என்பதை அது காட்டுகிறது.

எரிப்போரும் நடும் கல்

இனி, எரியூட்டும் வழக்கமுடைய குடிகளின் கிரியைகளைக் கூர்ந்து நோக்குவோம். நம் கிராமங்களில் வறட்டியை அடுக்கி, உடலைக் கிடத்தி, மேலும் வறட்டியும் வைக்கோலும் மூடி, அதன்மேல் குழைத்த மண்ணைப் பூசி, தலைப்பக்கத்தில் தீ மூட்டுகிறார்கள். உள்ளே கனன்று எரியும் அம்மூட்டம் விடியும்வரை வேகும். மறுநாள் பாலூற்றச் செல்வோர், சூடு தணிந்த சாம்பலில் எலும்புகளைக் காலிலிருந்து தொடங்கித் தலைவரை முறையாகப் பொறுக்கிப் புது மண்கலயத்தில் இட்டு, பாலும் இளநீரும் தெளித்து, ஆற்றிலோ கடலிலோ கரைத்துவிடுகிறார்கள். இத்துடன் உடலின் சுவடு உலகில் இல்லை. ஆயினும் கிரியை அங்கே முடிவதில்லை. வேத வழிக் கிரியை செய்வோர் கல் ஊன்றுதல் என ஒரு சிறு கல்லை நட்டு, இறந்தவர் அதில் வந்து தங்குவதாகப் பாவித்து, பத்து நாளும் எள்ளும் நீரும் வார்க்கின்றனர். ஏனைய பல குடிகளும் கருமாதியில் கல் நிறுத்திப் படைத்துப் பின் எடுத்து விடுகின்றனர். உடல் கிடந்த இடமே இல்லாமற் செய்துவிட்டவர்கள், பத்து நாளைக்கேனும் ஒரு கல்லைத் தேடிக்கொள்கிறார்கள். அதியமானுக்கு நட்ட கல்லின் வாரிசு அக்கல் என்று திட்டமாகச் சொல்லச் சான்றில்லை. ஆனால் இரண்டையும் நட்ட மனம் ஒன்றே என்பதில் ஐயமில்லை.

எரிக்கும் குடிகளிலும் எல்லோரையும் எரிப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பச்சிளங் குழந்தைகளைப் புதைப்பது ஏறக்குறைய எங்கும் உள்ள வழக்கம். மணமாகாமல் இறந்தோரைப் புதைக்கும் குடிகளும் உண்டு. எல்லோரையும் புதைக்கும் குடிகளும் தமிழ் நாட்டில் பல. பொது வாழ்விலும் இவ்வேற்றுமையைக் காணலாம். பாரதியார் 1921-இல் கிருஷ்ணாம்பேட்டையில் எரியூட்டப் பெற்றார். அவருடைய சீடராகிய பாரதிதாசன் 1964-இல் புதுச்சேரியில் அடக்கம் செய்யப்பெற்றார். இராஜாஜியும் காமராஜரும் தகனம் செய்யப்பெற்றனர். பெரியாரும் அண்ணாவும் புதைக்கப்பெற்றனர். இவர்களுள் எவர் தமிழர், எவர் அல்லர் என்று சடங்கைக் கொண்டு எவரேனும் நிர்ணயிக்க இயலுமோ?

வழக்கம் ஒரே தலைமுறையில் மாறுவதற்கும் நம் காலத்திலேயே சான்றுண்டு. ஈழத்தில், சைவக் குடும்பங்களில் பிறந்து போரில் மடிந்தோரின் உடல்களை 1991 முதல் விடுதலைப் புலிகள் இயக்கம் எரிப்பதை விட்டுப் புதைக்கத் தொடங்கி, வரிசை வரிசையாகக் கல்லறைகளை அமைத்தது. உடல் கிடைக்காதவர்க்கு நினைவுக் கல் நட்டது. அவ்வியக்கத்தின் அரசியலைப் பற்றி யார் எவ்வாறு கருதினும், யுத்தம் முடிந்தபின் அக்கற்கள் தகர்க்கப்பட்ட இடங்களில் ஆண்டுதோறும் கார்த்திகையில் பெற்றோர் வந்து விளக்கேற்றி அழுவது, தலைமுறை தலைமுறையாக எரியூட்டி வந்த குடும்பங்களும் கல்லை இழந்த துயரத்தை இரண்டாம் மரணமாக உணர்கின்றன என்பதைக் காட்டுகிறது. இதற்கு நேர்மாறான வேறோர் உதாரணம் இங்கிலாந்தில் உள்ளது. முதல் உலகப் போரில் காயமுற்று வந்து பிரைட்டன் மருத்துவமனைகளில் மடிந்த இந்து, சீக்கிய வீரர் 53 பேர் அங்குள்ள குன்றின்மேல் தகனம் செய்யப்பெற்றனர். அவர்கள் எரிந்த இடத்தில் 1921-இல் சத்திரி என்னும் வெண்சலவைக்கல் குடைமண்டபம் ஒன்று எழுந்தது. சாம்பல் கடலில் கரைந்தது. இடம் மட்டும் காக்கப்பட்டது. 2010-இல் அவர்கள் பெயர்களும் அருகே கல்லில் பொறிக்கப்பெற்றன.

குடும்ப நிலமும் நகர நெருக்கடியும்

தமிழ் நாட்டுக் கிராமங்களில் தத்தம் தோட்டத்தின் ஒரு மூலையில் தாத்தாவையும் பாட்டியையும் புதைத்து, மேடை கட்டி, மாடம் வைத்து, அமாவாசைதோறும் விளக்கேற்றுவது பலரும் அறிந்ததே. அது பூர்வீகச் சொத்தின் எல்லைக்கல்லாகவும் சில சமயம் பயன்பட்டது. பாட்டன் உறங்கும் நிலத்தை விற்க மனம் வராமையால் காக்கப்பட்ட காணிகள் பல. இன்று நிலம் கைமாறும்போது அச்சமாதிகள் முதற்பலியாகின்றன. வாங்கியவருக்கு அவை இடையூறு, விற்றவருக்கு அவை குற்றவுணர்வு. 1999-ஆம் ஆண்டுக் கிராம ஊராட்சி விதிகளின்படி, புதிதாக ஓரிடத்தை இடுகாடாகவோ சுடுகாடாகவோ பயன்படுத்த ஊராட்சியின் உரிமம் வேண்டும். ஆகவே, சொந்த நிலத்தில்தானே என்று எண்ணி அடக்கம் செய்யும் குடும்பம், பின்னர் வழக்குக்கும் தோண்டியெடுப்புக்கும் ஆளாகும் அபாயத்தை முன்னரே உணர வேண்டும்.

நகரத்தின் சங்கடம் வேறு விதமானது. சென்னையில் கீழ்ப்பாக்கம், காசிமேடு ஆகிய இடங்களிலுள்ள பழைய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களில் புதுக் குழிக்கு இடமின்மை நெடுநாளைய குறை. அதனால் ஒரே குடும்பக் குழியைத் திறந்து, முன்னவர் எலும்புகளை ஒருபுறம் ஒதுக்கி, அடுத்தவரை வைப்பதும், சுவர்போல் அடுக்கடுக்காகக் கட்டிய அறைகளில் பெட்டியை வைத்து மூடுவதும் வழக்கிற்கு வந்துள்ளன. ஒரே தலைக்கல்லில் பாட்டன், பேரன், பேரனின் மனைவி என மூன்று காலத்து எழுத்தில் பெயர்கள் இறங்கிக்கொண்டே போவதை அங்கே காணலாம். கல் செதுக்குவோர் அடுத்த பெயருக்கு அடியில் இடம் விட்டே வெட்டுகிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1963-இல் தகனத்துக்கு இருந்த தடையை நீக்கியது. 2016-இல் வெளியிட்ட அறிவுரையில் புதைத்தலே விரும்பத்தக்கது என்றும், எரித்தாலும் சாம்பலைத் தூவிவிடாமலும் வீட்டில் வைத்துக்கொள்ளாமலும் புனிதப்படுத்திய இடத்தில் வைக்க வேண்டும் என்றும் கூறியது. முறையில் விட்டுக்கொடுத்த திருச்சபை, இடம் என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை என்பது நம் வாதத்துக்கு வலிமை சேர்க்கிறது.

மறுக்கப்பட்ட மண்

இதுகாறும் கூறியவற்றால், எரித்தலா புதைத்தலா என்ற கேள்வியில் நியாய அநியாயம் எதுவும் இல்லை என்பது விளங்கும். அநியாயம் நிகழ்வது, பிறர்க்கு அத்தெரிவையோ இடத்தையோ வலியோர் மறுக்கும்போதுதான். மணிமேகலை காட்டும் புறங்காட்டிலேயே, உயிர் பிரிந்தோர்க்கு எடுத்த செங்கற் கோட்டங்கள் நால்வகை வருணத்துக்கும் வெவ்வேறாகப் பிரிந்திருந்தன என்று அந்நூல் கூறுகிறது. அப்பிரிவினை இன்றும் நம் ஊர்களில் மண்ணைக் கூறுபோட்டு நிற்கிறது. 2019 ஆகஸ்டு மாதத்தில், அன்றைய வேலூர் மாவட்டத்து வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில், மயானத்துக்குப் போகும் வழி மறுக்கப்பட்டதால், தலித் ஒருவரின் உடலைப் பாடையோடு கயிற்றில் கட்டிப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கீழே இறக்கினார்கள். அதைத் தாங்கிப் பிடிக்கக் கீழே நின்ற உறவினரின் உயர்த்திய கைகளை நாடே படத்தில் கண்டது. இறந்தவனுக்கு வழிவிடாத நிலத்துக்குச் சொந்தக்காரராய் இருப்பதில் என்ன பெருமை உண்டு?

இலங்கையில் 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, பெருந்தொற்றில் இறந்தோர் யாவரையும் கட்டாயமாக எரிக்க வேண்டும் என்று அரசு விதித்திருந்தது. புதைப்பதால் தீங்கில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறிய பின்னும் அவ்விதி நீங்கவில்லை. தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் பல, தம் சமயம் விலக்கிய தீயில் தம் தாயும் தகப்பனும், பிறந்து இருபதே நாளான ஒரு சிசுவும் எரிவதைக் கையாலாகாமல் பார்த்து நின்றன. விதி தளர்ந்தபின், மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் மட்டுமே அடக்கம் செய்யலாம் என்றதால், நாட்டின் நான்கு திசையிலிருந்தும் உடல்கள் அங்கே வந்து சேர்ந்தன. ஆயினும் மண் கிடைத்ததே என்று மக்கள் நன்றி கூறினர். 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. ஒரு சமூகத்துக்குப் புனிதமான தீ, மற்றொரு சமூகத்தின்மேல் கட்டாயமாக ஏவப்படும்போது தண்டனையாகிவிடுகிறது என்ற பாடத்தை அது நமக்குக் கற்பித்தது.

முடிவுரை

ஆகவே நான் கண்ட தீர்ப்பு இது. தீயாயினும் மண்ணாயினும், இறந்தவரின் விருப்பமும் அவர் வாழ்ந்த நெறியும் எதுவோ அதுவே சரியான முறை; பழமையைக் காட்டியோ சமயத்தைக் காட்டியோ ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்துவதற்கு நம் சரித்திரம் இடம் கொடுப்பதில்லை. முறையைக் குடும்பத்திடம் விட்டுவிடலாம். இடத்தையும் அடையாளத்தையும் சமூகம் ஏற்றுக்கொள்ள வேண்டும். சாதி பாராத பொது மயானமும், அதற்குத் தடையற்ற பாதையும், தண்ணீரும், அங்கு அடங்கியவர் அல்லது எரிந்தவரின் பெயரையும் நாளையும் எழுதி வைக்கும் பதிவேடும் ஒவ்வோர் ஊராட்சிக்கும் இருத்தல் வேண்டும். வயலோரங்களில் துணி துவைக்கும் கல்லாகவும் வாய்க்கால் மதகாகவும் கிடக்கும் நடுகற்களை ஊரார் எடுத்து நிறுத்தித் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

வாசகர் ஒவ்வொருவரும் தம் வீட்டளவில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. தமக்கு எது வேண்டும், எங்கே வேண்டும் என்பதை உடல் நலத்தோடிருக்கும்போதே மக்களிடம் வாய்விட்டுச் சொல்லி, ஒரு தாளிலும் எழுதி வையுங்கள். பெற்றோரிடம் கேட்டும் வையுங்கள். அபசகுனம் என்று அஞ்சி இதனைத் தள்ளிப்போடும் குடும்பங்களில்தான், பிணம் கிடக்க அண்ணன் தம்பியர் சுடுகாட்டுக்கும் இடுகாட்டுக்கும் நடுவே நின்று வழக்காடுகிறார்கள்.